யப்பான் ரயரைக் கழட்டலாமோ?

யப்பானில் இருந்து இறங்கின வானில் என்ன ரயர் வந்ததோ, அது மொட்டையாகும்வரை கழட்டக் கூடாது என்பது எங்கள் வன்னிப் பக்கத்தில் எழுதாத சட்டம். சீற் கவர் மாற்றுவார்கள், செற் மாற்றுவார்கள், முன்கண்ணாடியில் பிள்ளையார் ஒட்டுவார்கள். ரயரை மட்டும் தொடமாட்டார்கள். "ஒரிஜினல் யப்பான்" என்ற ஒரு சொல்லோடு கதை முடிந்துவிடும். முள்ளியவளைச் சந்தியில் வானை நிறுத்தினால் யாராவது ஒருவர் குனிந்து பெருவிரலால் ரயரை அமத்திப் பார்ப்பார். "பாத்தியே, என்ன மாதிரி மெதுவா இருக்கு. நல்ல றப்பரடாப்பா. உதைக் கழட்டிப்போடாத." இந்தப் பெருவிரல் சோதனையில் எங்கள் வான் ஒருநாளும் தோற்றதில்லை. எனக்கோ அந்த மெதுமைதான் உறுத்திக்கொண்டே இருந்தது. வெயிலில் நிற்கும் றப்பர் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கவேண்டும்?

வான் ரொயோற்றா ஹையேஸ். 2020இல் மூடின வாகன இறக்குமதி 2025இல் திறந்த பிறகு வந்தது. காசில் பெரும்பங்கு கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற அத்தானுடையது, ஓட்டம் என்னுடையது. ஊரில் பல ஹயர் வான்களின் கதை இப்படித்தான். எஞ்சின் முன்சீற்றுக்குக் கீழே இருக்கும், வானைத் தள்ளுவது பின்சில்லு. ஆட்கள் ஏறினால் பாரம் பின்னுக்கு வந்து வான் தரையைப் பிடித்துக்கொள்ளும். வெறுமையாக ஓடும்போது பாரமெல்லாம் முன்னுக்கு நிற்க, தள்ளவேண்டிய சில்லு இரண்டும் இலேசாகிவிடும். மாரியில் இப்படியான வான் ஓட்டினவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கல்யாண வீட்டு வளவுக்குள் ஒரு பின்சில்லு சேற்றைத் தோண்டிக்கொண்டு சுழல, மற்றச் சில்லு அசையாமல் நிற்க, மாப்பிள்ளைத் தோழன்மார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளுகிற காட்சியை எல்லாரும் பார்த்திருப்போம்.

மாரிக்கு இரண்டு றோட்டு

எங்கள் வருசத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசியில் தொடங்கித் தைக்கு முன்னர் கொட்டி முடிந்துவிடும். 2018 மார்கழியில் இரணைமடுவின் கதவுகள் திறந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அப்படியான வெள்ளத்துக்கு எந்த ரயரும் மருந்தில்லை. தண்ணி வடியும்வரை வீட்டில் இருக்கவேண்டியதுதான். நான் சொல்வது சாதாரண மாரி நாளைப் பற்றி. விடிய மழை, மத்தியானம் வெயில், பின்னேரம் திரும்பவும் மழை, இடையில் நாலு ஹயர்.

அந்த நாளில் வன்னிக்குள் ஓடுகிறவன் இரண்டு வேறு றோட்டில் ஓடுகிறான். ஒன்று கண்டி றோட்டு, பரந்தன் றோட்டு, மாங்குளம் முல்லைத்தீவு றோட்டு மாதிரியான கார்ப்பெற், அதாவது வழுவழுப்பான தார் றோட்டு. மற்றது உள்ளூர்க் கிரவல் ஒழுங்கை. கிரவல் நனைந்தால் மேலே ஒரு விரற்கடை செம்மண் களியாகும், கீழே கல்லுப் போலக் கிடக்கும். அதில் ரயருக்குப் பெரிய பல்லு வேண்டும். காற்றையும் கொஞ்சம் இறக்கினால் ரயர் விரிந்து மண்ணைப் பிடிக்கும். கார்ப்பெற்றில் எல்லாம் தலைகீழ். அங்கே ரயருக்கு வேலை தண்ணியை வெளியே தள்ளுவது. நீளப் பள்ளங்கள் ஆழமாக இருக்கவேண்டும், காற்றுக் குறையக் கூடாது. 1960களில் அமெரிக்க நாசாவில் வோல்ற்றர் ஹோர்ன் என்பவர் விமானச் சில்லுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார். தேங்கின தண்ணியில் ரயர் எந்த வேகத்தில் தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் என்பது காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு போகும். 36 பி.எஸ்.ஐ. காற்றுக்கு அந்தக் கணக்கு மணிக்கு ஏறக்குறைய 100 கிலோமீற்றர் காட்டும். 25க்கு இறக்கினால் 83. பள்ளம் தேய்ந்த ரயருக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். ஒழுங்கையில் சேற்றுக்காகக் காற்றை இறக்கின ஆள், கண்டி றோட்டில் ஏறும்போது அதை மறந்துவிட்டால் என்ன நடக்கும் என்பது இதிலேயே தெரியும்.

மூன்றாவதும் ஒன்று இருக்கிறது. காலபோகம் என்கிற மாரி நெல்லுக்கான உழவுக் காலத்தில் வயலுக்குள் இருந்து றோட்டுக்கு ஏறுகிற ரக்ரர் தன் சில்லில் பாதி வயலைக் கொண்டுவரும். ஏறின இடத்தில் இருந்து ஒரு நூறு யார் தூரத்துக்குக் களித்துண்டுகள் கார்ப்பெற்றில் விழுந்து கிடக்கும். காய்ந்தால் தூசி, தூறல் விழுந்தால் சவர்க்காரம். கார்ப்பெற் வேகத்தில் வருகிறவனுக்குத் திடீரென்று ஒழுங்கைச் சேறு. விபத்து என்று நான் கேள்விப்பட்டதில் பல, கடும் மழையில் இல்லை, இப்படியான தூறலில்தான்.

பெரியப்பாவின் வழக்கு

ரயர் மாற்றுவது என்று வீட்டில் வாய் திறந்தால் முதலில் எழும்புவது பெரியப்பா. அவர் மஸ்ஸி பெர்கூசன் ரக்ரரில் காலம் போக்கினவர். ரயருக்குள் பழைய ரயர்த் துண்டு வைத்து, மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டின, யுத்தத்தில் சாமான்களுக்குத் தடை இருந்த காலத்தைத் தாண்டி வந்தவர். அவருக்கு ரயர் என்பது இலேசில் எறிகிற சாமான் இல்லை. அவருடைய தீர்ப்பு: "ரெண்டு புதுசு வாங்கினால் முன்னுக்குப் போடு. முன்சில்லுத்தான் திருப்புறது. முன்சில்லு வெடிச்சால் நீ பத்தைக்குள்ள. பின்சில்லு வெடிச்சால் வான் இழுத்துக்கொண்டு நிக்கும், அவ்வளவுதான்."

இது பெரியப்பா மட்டும் சொல்வதில்லை. வவுனியா தொடக்கம் பரந்தன்வரை பல ரயர்க் கடைகளில் இதையே சொல்லுவார்கள். பின்சில்லு வாகனக்காரர் சிலர் மறுத்துச் சொல்லுவார்கள், "தள்ளுறது பின்சில்லு, அப்ப புதுசு பின்னுக்குத்தான்" என்று. இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருக்கிற மாதிரித் தெரியும். இரண்டு பக்கமும் பேசாத ஒன்று இருக்கிறது என்பது எனக்கு ஒட்டுசுட்டானுக்குக் கிட்டத்தான் பிடிபட்டது.

ஐப்பசிக் கடைசியில் ஒரு பொழுதுபட்ட நேரம். மாங்குளம் ஸ்ரேசனில் ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வானோடு வந்துகொண்டிருந்தேன். மழை விட்டுப் போய் றோட்டு மினுங்கிக்கொண்டிருந்தது. காட்டுப் பகுதி முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் ஒரு சாய்ந்த வளைவு. அதில் ரக்ரர் ஏறின சேறு. வேகம் அறுபதுக்கு மேலே இல்லை. நான் பிரேக்கைத் தொடவில்லை, அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்ததுதான். வான் தானாக ஒரு கியர் இறங்கியது. டீசல் எஞ்சின் பின்சில்லைப் பிடித்து இழுத்தது. அடுத்த கணம் இருக்கையின் கீழே ஏதோ பக்கவாட்டில் நழுவுவதை என் முதுகு உணர்ந்தது. முன்கண்ணாடியில் றோட்டு இருந்த இடத்தில் வயல் வந்தது. மீற்றர்ப் பலகையில் வழுக்குகிற கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு படபடவென்று மினுங்கியது. ஸ்ரேறிங்கைக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் கொடுத்தேன், வானின் கொம்பியூற்றரும் தன்பாட்டுக்கு ஏதோ ஒரு சில்லைப் பிடித்தது, வான் ஒருமுறை மறுபக்கம் ஆடிவிட்டு நேரே வந்தது. மாடு சாய்த்துக்கொண்டு வந்த ஒரு ஐயா நின்று பார்த்தார். பிறகு, ஒன்றும் நடக்காத மாதிரி, மாட்டை அதட்டிக்கொண்டு போனார்.

அந்த இடத்தில் முன்சில்லு நழுவவே இல்லை என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. முன்னுக்கு எவ்வளவு நல்ல பிடி இருந்ததோ, அவ்வளவுக்குப் பின்பக்கம் சுற்றியிருக்கும். முன்சில்லு வழுக்கினால் வான் நீ திருப்பின அளவுக்குத் திரும்பாமல் நேரே போகப் பார்க்கும். பயம்தான், ஆனால் காலை எடுத்தால் வேகம் குறையக் குறையப் பிடி திரும்பி வரும். காலை எடுப்பது எல்லாருக்கும் தானாக வருகிற வேலை. பின்சில்லு வழுக்கினால் வாகனம் சுழலும். காலை எடுத்தால் இன்னும் மோசமாகும், அதைப் பிடிக்க எதிர்ப்பக்கம் திருப்பவேண்டும், எவ்வளவு திருப்புவது என்று யோசிக்க நேரமில்லை. ஆகவே இரண்டுதான் புதுசு என்றால் அது பின்னுக்கு. ரயர் செய்கிற பெரிய கம்பனிகளும் இதையேதான் சொல்கின்றன, முன்சில்லு வாகனத்துக்கும்கூட. தள்ளுகிற சில்லு எது என்பது இதற்குக் காரணமே இல்லை. பின்சில்லு வாகனத்தில் இந்த நியாயம் இன்னும் கூடும். ஒரு ரயருக்கு இருக்கிற பிடி ஒன்றுதான். தள்ளுவதற்கும், எஞ்சின் இழுப்பைத் தாங்குவதற்கும், பக்கவாட்டில் நழுவாமல் இருப்பதற்கும் அந்த ஒன்றில் இருந்துதான் எடுக்கவேண்டும்.

வெடிப்பு என்கிற பெரியப்பாவின் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. அவருடைய காலத்து ரியூப் ரயர், குண்டும் குழியுமான றோட்டு, அளவுக்கு மிஞ்சின பாரம், இவற்றுக்கு அது உண்மை. ஆனால் வெடிக்கப் போகிற ரயர் முன்னுக்கும் வேண்டாம், பின்னுக்கும் வேண்டாம்.

அடையாளம்

அடுத்த கிழமை ரயர்க் கடைக்குப் போனேன். அங்கே நிற்கிற பெடியன் வானைத் தூக்கி, பின்சில்லைக் கழற்றி, வாளித் தண்ணியில் நனைத்த சாக்குத் துண்டால் ரயரின் பக்கச் சுவரைத் துடைத்தான். சேறு போனதும் எழுத்துத் தெரிந்தது. அளவு 195/80 ஆர் 15. அதற்குப் பக்கத்தில் மூன்று சிகரம் உள்ள ஒரு மலை, மலைக்குள் ஒரு பனிப்பூ. இன்னும் கொஞ்சம் தள்ளி, பெரிய எழுத்தில் "ஸ்டட்லெஸ்". பெடியனுக்கு அது ரயரின் பெயர். "அண்ணை, உது நல்ல சாமான். பள்ளம் இன்னும் கிடக்கு" என்றான். நான் மூன்று படம் எடுத்து அத்தானுக்கு அனுப்பினேன். கனடாவில் அப்போது விடியப்புறம். எழும்பினதும் எடுத்தார். முதல் ஒரு நிமிடம் சிரிப்பு மட்டும்தான் கேட்டது.

"டேய் தம்பி, உது ஸ்னோ ரயரடா! நான் இஞ்ச நவம்பரில காசு குடுத்துப் போடுறதை நீ முல்லைத்தீவில போட்டு ஓடுறாய்."

யப்பானின் வடக்கில், ஹொக்கைடோ போன்ற இடங்களில், மாரி என்றால் பனிக்கட்டி. முன்பு அங்கே ரயரில் இரும்பு ஆணி பதித்து ஓடினார்கள். ஆணி றோட்டைச் சுரண்ட, செந்தாய் போன்ற நகரங்களில் தூசி எழும்பி மூச்சுவிட முடியாத நிலை வந்து, 1990இல் ஆணி ரயருக்கு எதிராகச் சட்டம் போட்டார்கள். அதற்குப் பதிலாக வந்ததுதான் ஆணியில்லா ரயர். ஸ்டட்லெஸ் என்பது அதுதான். பனிக்கட்டிக்கு மேலே மெல்லிய ஒரு தண்ணிப் படலம் இருக்கும். வழுக்க வைப்பது அந்தப் படலம். அதை உறிஞ்சவும் விலக்கவும் ரயரின் முகத்தில் மயிரிழை போல நூற்றுக்கணக்கான வெட்டுக்கள் போடுவார்கள். சில கம்பனிகள் றப்பருக்குள்ளேயே நுண்ணிய குமிழ்களை விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, குளிரில் கல்லாகிப் போகாத மெதுவான றப்பர். சாதாரண ரயரின் றப்பர் ஏறக்குறைய 7 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்கும் என்பது அங்கே ரயர் விற்கிறவர்கள் எல்லாரும் சொல்லுகிற கணக்கு. பெருவிரல் சோதனையில் எங்கள் வான் ஏன் தோற்கவில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும்.

எங்களுக்கு 7 பாகை எங்கே? 2022 மார்கழியில் மாண்டஸ் புயலோடு ஒரு குளிர் வந்து, வடக்கிலும் கிழக்கிலும் பட்டிகளில் மாடுகள் நூற்றுக்கணக்கில் விறைத்துச் செத்தன. நாங்கள் கண்ட கொடுங்குளிர் அது. அந்த இரவில்கூட வெப்பமானி 7 பாகையின் பக்கம் போகவில்லை. எங்கள் மாரி குளிரில்லை, தண்ணி. இளஞ்சூட்டில் நனைந்த கார்ப்பெற்றில் அந்த மெதுவான றப்பர் நெளியும். ஆழமான வெட்டுக்கள் உள்ள சிறு கட்டைகள் ஒவ்வொன்றும் பக்கத்துக்குச் சாயும், பிரேக் பிடித்தால் நிற்கிற தூரம் கூடும், வெயிலில் விறுவிறென்று தேயும். பெடியனிடம் ரோர்ச் வாங்கிப் பள்ளத்துக்குள் பார்த்தேன். யப்பான் ஸ்டட்லெஸ் ரயரில் வழக்கமான தேய்மானக் கட்டைக்கு மேலதிகமாக இன்னொரு கட்டை இருக்கும், தோளில் ஒரு அம்புக்குறி அதைக் காட்டும். ரயர் பாதி தேய்ந்ததும் அந்தக் கட்டை ரயர் முகத்தோடு சமமாகும். அதன் பிறகு யப்பான்காரன் அதைப் பனிக்கு நம்பமாட்டான். எங்கள் ரயர் இரண்டிலும் அது சமமாகியே இருந்தது. பனிக்கும் உதவாது, மழைக்கும் உதவாது. முன்சில்லு இரண்டும் கொழும்பில் யாரோ மாற்றின சாதாரண ரயர். முன்னுக்கு நல்ல பிடி, பின்னுக்கு நெளிகிற பிடி. ஒட்டுசுட்டான் வளைவில் நடந்ததற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

நாலா, இரண்டா

அத்தானிடம் ஒரு பழைய பி.எம்.டபிள்யூ இருக்கிறது, அதுவும் பின்சில்லுத் தள்ளுவது. ஸ்காபரோவில் நம்மவர் பலர் "ஸ்னோவுக்கு உது சரிவராது, முன்சில்லு வாகனம் வாங்கு" என்று அவரை அரித்தெடுத்தவர்கள். அவர் வாகனத்தை மாற்றவில்லை, ரயரை மாற்றினார். அங்கேயும் அதே வழக்குத்தான் நடந்ததாம். தள்ளுகிற சில்லு இரண்டுக்கும் மட்டும் ஸ்னோ ரயர் போட்டால் காசு மிச்சம் என்று ஒரு கூட்டம். அத்தான் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது. "பின்னுக்கு ரெண்டு போட்டியெண்டால் வெளிக்கிடுவாய். பிறகு திரும்பவும் மாட்டாய், நிக்கவும் மாட்டாய்." பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குச் சாய்கிறது, நிறுத்துவதில் பெரும்பங்கு முன்சில்லின் வேலை. ஆகவே அங்கே விதி நாலும் ஒன்றாக. ஸ்னோ ரயரை இரும்பு றிம்மில் பூட்டிக் கராஜில் அடுக்கி வைத்து, நவம்பரில் போட்டு ஏப்ரலில் கழற்றுகிறார். கியூபெக் மாகாணத்தில் இது சட்டம். 2008இல் தொடங்கியது, இப்போது டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை. அவர் இருக்கிற ஒன்ராறியோவில் சட்டமில்லை. ஆனால் 2016 முதல் ஸ்னோ ரயர் போட்டவருக்குக் காப்புறுதியில் கழிவு கொடுக்கவேண்டும்.

இதை நான் வீட்டில் சொன்னபோது பெரியப்பா சிரித்தார். "வயலுக்கு இறங்கேக்க இரும்புச் சில்லுப் போடுறம், றோட்டுக்கு ஏறேக்க கழட்டுறம். உதைக் கனடாக்காரனோ எங்களுக்குச் சொல்லித் தாறது?" நியாயமான கேள்வி. பருவத்துக்கும் தரைக்கும் சில்லு மாற்றுகிற வழக்கம் வன்னி விவசாயியிடம் கனகாலமாக இருக்கிறது. பிறகு அவர் தன் பழைய வழக்கைப் புதுசாக எடுத்தார். "ரக்ரரைப் பார். முன்னுக்கு வரி ஓடின சின்ன ரயர், பின்னுக்குக் கட்டை வைச்ச பெரிய ரயர். முன்னும் பின்னும் ஒண்டே? வானுக்கு மட்டும் ஏன் நாலும் ஒண்டா இருக்கவேணும்?"

இதற்குப் பதில் தேட எனக்கு இரண்டு நாள் பிடித்தது. ரக்ரரின் முன்ரயர் திருப்புவதற்கென்றே செய்தது. வட்டமாக ஓடுகிற வரி மண்ணை வெட்டிப் பக்கவாட்டில் பிடிக்கும். பின்ரயர் இழுப்பதற்கென்றே செய்தது. அவை வேறுவேறாக இருப்பதில் பிழையில்லை, ஏனென்றால் அது ஆள் ஓடுகிற வேகத்தில் போகிற சாமான். அந்த வேகத்தில் முன்னும் பின்னும் பிடி வித்தியாசமாக இருந்தால் யாரும் சுழலமாட்டார்கள். அறுபதில் போகிற வானில் கேள்வி எவ்வளவு பிடி என்பது மட்டுமில்லை, முன்பிடிக்கும் பின்பிடிக்கும் இடையில் என்ன உறவு என்பதும். அந்த உறவைக் குழப்பாமல் வைக்கிற சுலப வழி நாலுக்கும் ஒரே வகை, ஒரே வயது. பெரியப்பா "ம்" என்றார். ஒத்துக்கொண்ட "ம்" அல்ல அது, வழக்கைத் தவணை போட்ட "ம்".

வாங்கப் போனபோது

வவுனியாவில் தேடும்போது முதலில் காட்டுவது பிக்கப்புக்குப் போடுகிற பெரிய கட்டை ரயர். பார்க்க வீரமாக இருக்கும், பக்கத்தில் "எம் பிளஸ் எஸ்" என்று அடித்திருக்கும். அது சேறும் பனியும் என்பதைக் குறிப்பது. பெரும்பாலும் ரயரின் கட்டை அமைப்பைப் பார்த்துக் கம்பனியே போட்டுக்கொள்கிற அடையாளம். பனியில் ஓட்டிச் சோதித்துக் கொடுக்கிற அடையாளம் அந்த மூன்று சிகர மலை. ஜேர்மனியில் 2024 ஒக்ரோபர் முதல் குளிர்காலத்துக்கு மலை அடையாளம் இருந்தால்தான் கணக்கு, எம் பிளஸ் எஸ் மட்டும் போதாது. ஒழுங்கைக்கு அந்தக் கட்டை ரயர் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் என் ஓட்டத்தில் பெரும்பங்கு கார்ப்பெற். ஈரக் கார்ப்பெற்றில் அந்தப் பெரிய கட்டைகளுக்குத் தரையில் படுகிற றப்பர் குறைவு, இரைச்சலும் கூட. ஒழுங்கையில் புதைந்தால் நாலு பேர் வந்து தள்ளுவார்கள். அறுபதில் வழுக்கினால் தள்ளுவதற்கு ஆளில்லை. நான் தெரிவு செய்தது, சுற்றிவர நீளப் பள்ளம் மூன்று நாலு ஆழமாக ஓடுகிற, தோளில் மட்டும் கொஞ்சம் திறந்த கட்டை உள்ள றோட்டு ரயர்.

அகலமான ரயர் போடச் சொல்லிக் கடைக்காரர் ஆசை காட்டினார். வான் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதே பாரத்தை அகலமான முகத்தில் பரப்பினால் தண்ணியில் மிதப்பது சுலபமாகும். கனடாவில்கூடப் பலர் மாரிக்கு ஒரு அளவு ஒடுங்கின ரயர்தான் போடுகிறார்களாம், சேற்றுப்பனியை வெட்டிக்கொண்டு தரைக்குப் போக. 195 போதும். அளவுக்குப் பிறகு வருகிற இலக்கத்தையும் பார்க்கவேண்டும். ஹையேஸுக்கு 107/105. 107 என்றால் ஒரு ரயர் தாங்குவது 975 கிலோ. கிட்டத்தட்ட அதே அளவில் கார் ரயர் மலிவாக வரும், ஆனால் பாரம் தாங்கும் இலக்கம் குறைவாக இருக்கும். திருவிழாவுக்கு வட்டாப்பளைக்கு வான் நிறைய ஆள் ஏற்றுகிறவன் அதில் கை வைக்கக் கூடாது. பிறகு வயது. பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது கிழமை செய்தது. கடையில் வருசக்கணக்காக வெயிலில் அடுக்கிக் கிடந்த ரயருக்கும் பளபளப்புப் பூசித் தருவார்கள், அந்த நாலு இலக்கத்தை மட்டும் பூச முடியாது. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் கண்டி றோட்டில் போகிற சாரதி குறைவு. இந்த நாலு இலக்கத்தைப் பார்க்கிற சாரதி அதைவிடக் குறைவு.

பின்னுக்கு இரண்டு நெல்மூட்டை போட்டால் சரி என்று சொல்கிறவர்களும் உண்டு. வெறும் வானுக்கு அது கொஞ்சம் உதவும், அத்தானின் ஊரிலும் பிக்கப்காரர் மண்மூட்டை போடுவார்களாம். கட்டாமல் போட்டால் பிரேக் பிடிக்கும்போது மூட்டை முன்னுக்கு வரும். அதோடு, தள்ளப் பாரம் உதவுகிற அளவுக்கு நிறுத்தப் பாரம் எதிரி. ரயருக்குப் பதிலாக மூட்டை இல்லை.

விலை கேட்டதும் வழக்கம்போல நெஞ்சு கொஞ்சம் அடைத்தது. நாலையும் ஒன்றாக வாங்கினேன், பாதிக்கு அத்தான் அனுப்பினார். ஒவ்வொரு முறையும் அப்படி வாங்க முடியாது என்று எனக்குத் தெரியும், ஊரில் யாராலும் முடியாது. பின்சில்லு வாகனத்தில் பின்ரயர் முதலில் தேயும். இரண்டு வாங்கலாம் என்ற கதை அங்கேதான் தொடங்குகிறது, முன்னுக்கா பின்னுக்கா என்ற சண்டையும் அங்கேதான். அதனால் பத்தாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை முன்னையும் பின்னையும் மாற்றிப் பூட்டச் சொல்லிவைத்திருக்கிறேன். அப்படியென்றால் நாலும் ஒன்றாகத் தேயும், அடுத்த முறை காசு சேர்க்க ஒரே ஒரு நாளைக் குறிவைத்தால் போதும். ஒழுங்கைக்குள் காற்று இறக்குகிற வேலையை விட்டுவிட்டேன். அதற்கு விலை, அலம்பிலுக்குப் போகிற உள்றோட்டில் இந்த மாரியில் ஒருமுறை புதைந்தது. தள்ள வந்தவர்களில் பெரியப்பாவும் ஒருவர். புது ரயரைக் குனிந்து பார்த்து, பெருவிரலால் அமத்தி, "கல்லு மாதிரிக் கிடக்கு. யப்பான் ரயரெண்டால் இஞ்ச புதைஞ்சிருக்காது" என்றார்.

புதைந்திருக்காது என்பது உண்மையாகவும் இருக்கலாம். சேற்றில் திறந்த கட்டை நன்றாகப் பிடிக்கும். கழற்றின இரண்டையும் அவரே கேட்டார், லான்ட்மாஸ்ரர் என்கிற இரண்டு சில்லு ரக்ரரின் பெட்டிக்கு. அந்த வேகத்துக்கு அது போதும் என்று கொடுத்துவிட்டேன்.